கைக்குத் தெரியாத காய்ச்சல்

மேற்குத் தாம்பரம்
12.1.1988

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் இருமல் என்றீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா இல்லையா?

ரூர்கேலாவில் குளிர் தாங்கவில்லை, மெஸ்ஸில் பருப்பில் சர்க்கரை போடுகிறான், கூட வேலை செய்கிற பெங்காலி நன்றாகப் பாடுகிறான். எல்லாம் சரி. இரண்டு பக்கம் எழுதினீர்கள், பியூலா என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். நம் பெண் போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. நீங்கள் கிண்டி கம்பெனி வேலையை விட்டு அங்கே ஓடிப் பதினோரு மாசம். ஓடி என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன், ஒரு தடவையாவது பதில் எழுதுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல அவளைப் பாயில் படுக்க வைத்து, போலியோ வந்த அந்த இடது காலுக்குப் பயிற்சி கொடுத்தேன். "மம்மி, கழுத்து வலிக்குது" என்றாள். பயிற்சியிலிருந்து தப்பிக்கத் தினம் ஒரு வலி சொல்கிற பெண்தானே. நேற்று வயிறு, இன்றைக்குக் கழுத்து, நாளைக்கு மூக்கா என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நூறு எண்ணி முடித்தேன். காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

நான் பதினொரு வருஷம் பிசியோதெரபி பார்த்தவள். அன்றைக்கு அவள் முதுகு, கழுத்து, கால் எல்லாம் தொட்டேன். என் கைக்குக் காய்ச்சல் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்டீர்களே, "உன் கை பட்டும் உனக்குத் தெரியலையா யூனிஸ்?" என்று. அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கேளம்பாக்கத்தில் ஓர் இலவச கிளினிக் நடத்துகிறாராம். வாரத்தில் இரண்டு நாள் வந்து நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். முடியாது என்றேன். அவள் போனதிலிருந்து நான் யாரையும் தொட்டு வைத்தியம் பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்லும்மா" என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

வீட்டில் உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை, வெளியில் போனாலும் இருப்புக் கொள்ளவில்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள்
யூனிஸ்


ரூர்கேலா
24.1.1988

என் அன்பு யூனிஸுக்கு,

கர்த்தர் உனக்குச் சமாதானம் தரட்டும். கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது, கவலைப்படாதே.

அந்த விஷயத்தை விடு. எத்தனை தடவை சொன்னாலும் போன பிள்ளை வரப்போகிறதா? வராந்தாவில் நான் கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அப்போது என்ன பேசுகிறோம் என்று எனக்கே தெரியாது.

கேளம்பாக்கம் வேலை வேண்டாம். மறுபடியும் கால், மறுபடியும் பயிற்சி, மறுபடியும் அதே ஞாபகம். எதற்கு? குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் தாம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடு. இங்கே நம்மை யாருக்கும் தெரியாது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். தமிழ் ஆராதனைகூட மாசம் ஒரு தடவை உண்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சும்மா யோசித்துக்கொண்டு உட்காராதே.

உன்
யேசுதாசன்


மேற்குத் தாம்பரம்
6.3.1988

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்த வீம்பிலேயே கேளம்பாக்கம் போய்விட்டேன். இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். வண்டலூர் வழியாகப் போகிற பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் நின்று கால் கடுக்க வேண்டியதுதான். கிளினிக் என்று பேர், ஓட்டு வீட்டில் இரண்டு அறை. பின்னால் உப்பளம். வெயில் ஏறினால் கண்ணைத் திறக்க முடியாது.

என் முதல் நோயாளி கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர், துலுக்காணம் என்று பேர். கட்டுமரம் கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்து, மூன்று மாசம் மாவுக்கட்டில் கிடந்தவர். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். ஆனால் முட்டி மடங்கவில்லை. கட்டுமரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டுமாம். முட்டி மடங்காவிட்டால் கடல் இல்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவி பொன்னி. கூடையில் மீன் சுமந்து கேளம்பாக்கம் முழுக்க விற்கிறவள். புருஷனைக் கைத்தாங்கலாக இறக்கி விட்டுவிட்டு, கூடையை வெளியில் வைத்து, ஈ ஓட்டிக்கொண்டு உள்ளே என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் காலில் முதன்முதலாகக் கை வைத்தபோது என் விரல் எல்லாம் மரத்துப்போயிற்று. கர்த்தாவே, கர்த்தாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மடக்கினேன். "வலிக்குதும்மா" என்றார். உடனே நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். வலிக்குது என்ற சத்தம் காதில் விழுந்தால் கை தானாக எடுத்துக்கொள்கிறது. நான் என்ன செய்ய?

இரண்டு பஸ் மாறிப் போய் ஒருவர் முட்டியைத் தடவிவிட்டு வருகிறேன். இதற்குப் பேர் வேலையாம்.

உங்கள்
யூனிஸ்


மேற்குத் தாம்பரம்
20.4.1988

அன்புள்ள அத்தானுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமா, இல்லை தபால்காரன் தின்றுவிட்டானா? நான் பாட்டுக்கு எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொன்னியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு வாரமாகத் துலுக்காணத்தின் முட்டி நாற்பது டிகிரியிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்திருக்கிறது. ஐந்து டிகிரி! வழக்கம்போல அவர் "ஐயோ" என்றார், நான் கையை எடுத்தேன். பொன்னி வெளியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"இன்னா டாக்டரம்மா, நீ இன்னா பண்ணிகினு கீறே? தொட்ற, அவுரு கத்துறாரு, வுட்டுர்ற. இதுக்கு நானே வூட்ல தடவி வுட மாட்டனா?"

"வலிக்குதுன்னு சொல்றாரே பொன்னி."

"வலிக்காத பின்ன? மூணு மாசம் கட்டையாட்டம் கெடந்த காலு. இந்த ஆளு கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுவாரு. நீ படிச்சவதானே, எந்த வலி நெஜம், எந்த வலி சும்மான்னு ஒனக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். துலுக்காணம் பயந்துபோய், "யம்மா, வலிக்கவே இல்லம்மா, நான் சும்மாதான் கத்தினேன்" என்கிறார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பியூலாவின் கால், கழுத்து, நான் சிரித்தது, நூறு வரை எண்ணியது. அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது அது. இது இவுரு காலு. இவுரு கடலுக்குப் போவணும், ஆமா" என்றாள்.

அவரைக் குப்புறப் படுக்க வைத்தேன். மடக்கினேன். கத்தினார். கையை எடுக்கவில்லை. அத்தான், அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அவர் வாய் கத்துவதற்கு முன்னாலேயே தசை என் உள்ளங்கையில் சொல்லிவிடுகிறது, இது தாங்குகிற வலி, இதற்கு மேல் போகாதே என்று. பதினொரு வருஷம் பழகிய கை, எதையும் மறக்கவில்லை. ஒரே நாளில் ஐம்பத்தைந்து டிகிரி! துலுக்காணம் என்னை வாயில் வந்தபடி திட்டினார். பொன்னி வெளியே உட்கார்ந்து, "நல்லா திட்டு, நல்லா திட்டு" என்று அவருக்குத் தெம்பு கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன். வண்டலூர் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இத்தனை தெரிகிற கைக்கு அன்றைக்கு ஏன் தெரியவில்லை? கை மறந்துவிட்டது என்று நினைத்திருந்தபோதாவது ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சொல்லுங்கள் அத்தான், நெருப்பாகக் கொதித்திருக்க வேண்டிய உடம்பு எப்படிச் சில்லென்று இருந்தது?

உங்கள்
யூனிஸ்


ரூர்கேலா
16.5.1988

என் அன்பு யூனிஸுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்-டவுன் வேலை, மூன்று ஷிப்டும் நான்தான்.

நல்ல செய்தி. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம். சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜூன் கடைசிக்குள் வந்துவிடு. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க இனி என்னால் முடியாது. நான் கேட்பது இது ஒன்றுதான்.

நீ கேட்டதற்கு நேரில் பேசலாம். கடிதத்தில் வேண்டாம்.

உன்
யேசுதாசன்


மேற்குத் தாம்பரம்
4.6.1988

அன்புள்ள அத்தானுக்கு,

சரி, வருகிறேன். 27ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பாத்திரங்களை என் தம்பி கேசவனின் வீட்டில் போட்டுவிடுகிறேன். அவன் மனைவிக்கு இப்போதே என் இட்லிக் குண்டான் மேல் கண்.

மனசில்லாமல்தான் வருகிறேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எத்தனை நாள் நீங்கள் அங்கே, நான் இங்கே என்று இருப்பது? புருஷன் பெண்டாட்டி என்று இரண்டு பேர்தான் மிச்சம். அந்த இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் இருந்தால் அவளைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

துலுக்காணம் போன மாசம் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். முழுதாக. இரண்டு முட்டியும் தரையில், குதிகால் மேல் உடம்பு. பொன்னி வாசலில் நின்று, "கோயில்ல கூட இப்டி குந்த மாட்டாரு" என்றாள். அடுத்த நாளே கடலுக்குப் போனாராம். வஞ்சிரம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். குழம்பு வைத்துத் தனியாகச் சாப்பிட முடியாமல் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

துலுக்காணம் மண்டி போட்டதைப் பார்த்த டாக்டர் புதிதாக ஒரு வேலை கொடுத்தார். சுற்று வட்டாரத்தில் போலியோ வந்த குழந்தைகள் பதினெட்டுப் பேர் இருக்கிறார்களாம். அவர்கள் தாய்மாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டும். போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் போய் நின்றதும் வாய் தானாகப் பேசியது. காலை எப்படிப் பிடிப்பது, எப்போது நிறுத்துவது, எல்லாம் சொன்னேன். கடைசியில் பியூலாவைப் பற்றியும் சொன்னேன். "கையை நம்பாதீங்கம்மா. இவ்வளவு படிச்ச என் கையே என் பொண்ணு காய்ச்சலைச் சொல்லல. என் கை என்னை ஏமாத்திடுச்சு" என்றேன். எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

செல்லம்மா என்று ஒருத்தி, உப்பளத்துக் கூலி. மூன்று வயசுப் பெண் குழந்தை. அடுத்த வாரம் வந்தபோது பார்த்தால் குழந்தையின் கால் இன்னும் இறுகியிருக்கிறது. பயிற்சி கொடுக்கவே இல்லை. ஏன் என்றால், "படிச்ச ஒன் கைக்கே தெரியலன்னா, உப்பு வாரற என் கைக்கு இன்னா தெரியும்? தொடவே பயமா கீதுக்கா" என்கிறாள். நான் சொன்னது உண்மை, அதனால் மாற்றிச் சொல்லவும் முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

போகட்டும். அங்கே வந்தால் இதெல்லாம் இருக்காது. ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், எனக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது.

உங்கள்
யூனிஸ்


ரூர்கேலா
11.6.1988

யூனிஸ்,

நீ வருகிறாய் என்ற கடிதத்தை உடனே பெங்காலியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் காட்டினேன். அப்புறம் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். செல்லம்மா என்கிற அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். அதிலிருந்து நாலு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நேரில் சொல்லலாம் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு நைட் ஷிப்ட். பகலில் வீட்டில் இருந்தேன், நீ வேலைக்குப் போயிருந்தாய். பியூலா மூன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். தொட்டால் சுட்டது. தலை வலிக்குது டாடி என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் போட்டி, உனக்கு ஞாபகம் இருக்கும். "மம்மிகிட்ட சொல்லாதீங்க டாடி, ஊசி போடக் கூட்டிட்டுப் போயிடும், பாட விடாது" என்று கெஞ்சினாள். நான் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். ஐந்து மணிக்கெல்லாம் வேர்த்து உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. நீ ஆறு மணிக்குத் தொட்டாய். ஏழு மணி எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க நான் கிளம்பிவிட்டேன். சொல்ல மறக்கவில்லை யூனிஸ். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லாமல் போனேன். காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று. நீ "இன்னிக்குக் காலைல" என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. வராந்தாவில் உன் அம்மா, கேசவன், பாஸ்டர் எல்லாரும் என்னைப் பார்த்தபோது எங்கே என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து உன்னைக் கேட்டேன். உன் கை பட்டும் தெரியலையா என்று. தெரிந்தே கேட்டேன்.

உன் கை ஏமாற்றவில்லை. நான் ஏமாற்றினேன். அந்தச் செல்லம்மாவிடம் போய்ச் சொல். பதினெட்டுப் பேரிடமும் சொல். என் பேரைச் சொல்லியே சொல்.

27ஆம் தேதி ரயில் இங்கே வந்து சேருகிற நாளில் ஸ்டேஷனுக்கு வருவேன். நீ இறங்காவிட்டால் புரிந்துகொள்வேன்.

யேசுதாசன்


மேற்குத் தாம்பரம்
19.6.1988

அத்தானுக்கு,

ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குக் கிளினிக் நாள் இல்லை. இருந்தும் பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போனேன். வீட்டில் இருந்திருந்தால் எதையாவது உடைத்திருப்பேன். செல்லம்மாவின் குடிசையைத் தேடிக் கண்டுபிடித்தேன். "நான் சொன்னது தப்பும்மா. என் கை சரியாத்தான் சொல்லிச்சு. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து உடம்பு குளிர்ந்திருந்தது, எனக்கு அதை யாரும் சொல்லல" என்றேன். யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். அவ அப்பா என்றேன். அதற்கு மேல் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் காலில் வைத்து, என் கையை அதன் மேல் வைத்து மடக்கினேன். குழந்தை வீறிட்டது. செல்லம்மா கையை எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே, "இங்க இறுக்கமா கீது, இங்க லேசா கீதுக்கா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த வேலையை விட்டுவிட்டு நான் எங்கேயும் வரமாட்டேன். உங்கள் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. கோபம் தனியாக இருக்கிறது.

அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? பத்தொன்பது மாசமாக இந்தக் கையால் சோறு சாப்பிடவே எனக்குக் கூசியது. அதைக் கடிதம் கடிதமாக உங்களுக்குத்தான் எழுதினேன். நீங்கள் படித்துவிட்டு, கொய்யா மரம் இருக்கிறது என்று பதில் போட்டீர்கள். மாத்திரை கொடுத்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எந்தத் தகப்பனும் கொடுப்பான். முந்தின நாளே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அந்த டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அந்த வராந்தாவில் என்னைத் தனியாக நிற்க வைத்தீர்களே, அதை மட்டும் நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

இத்தனைக்கும் நான் வருகிறேன் என்று எழுதின பிறகு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் நினைத்திருந்தால் சொல்லாமலே இருந்திருக்கலாம். நானும் ஒன்றும் தெரியாமல் வந்து இறங்கி, உங்களுக்குச் சமைத்துப் போட்டிருப்பேன். அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் எழுதுகிறேன்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளானாலும் சரி. அம்மாவையும் கேசவனையும் வரச் சொல்கிறேன். எல்லார் முன்னாலும் கேட்டதற்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அப்புறம் அவர்களை அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசலாம். அந்தச் சாயங்காலம் என்ன பேசினாள், என்ன பாட்டுப் பாடிக் காட்டினாள், பாலை முகம் சுளிக்காமல் குடித்தாளா, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். அவளுடைய கடைசிச் சாயங்காலத்தில் எனக்குத் தெரியாத இரண்டரை மணி நேரம் உங்களிடம் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மன்னிக்க முடியுமா என்று எனக்கே தெரியாது. அது தெரியத்தான் வரச் சொல்கிறேன்.

யூனிஸ்